தெமெனுகாவின் ஹேண்ட் பிரேக்

தெமெனுகாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று கேட்டால் எனக்கு வாய் வராது. உள்ளதைச் சொல் என்றால் சொல்வேன். ஏழு மாதம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவள் எத்தனை மணிக்கு ஜன்னலைத் திறக்கிறாள், எந்தக் கிழமை தலைக்குக் குளிக்கிறாள், சிரிக்கும்போது எந்தக் கையால் வாயை மூடுகிறாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. பொறாமைக்காரியின் கண்ணுக்கு இருக்கிற கூர்மை போலீஸ்காரனின் கண்ணுக்குக்கூடக் கிடையாது.

அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. எனக்கு ஐம்பத்திரண்டு. எங்கள் கட்டடத்தின் கீழ்த் தளத்தில், காலியாகக் கிடந்த வீட்டுக்கு அக்டோபரில் குடிவந்தாள். பிறந்தது தொப்ருஜா சமவெளியில். அங்கே கோதுமை வயலைத் தவிர வேறொன்றும் கிடையாது, கோழி முட்டையைத் தரையில் வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும். கட்டிய புருஷன் லாரி ஓட்டுநராக இருந்தவன், ஆரஞ்சு பறிக்கிறேன் என்று ஸ்பெயினுக்குப் போனான். முதல் வருடம் கடிதம் வந்தது, இரண்டாம் வருடம் வாழ்த்து அட்டை வந்தது, மூன்றாம் வருடம் ஒன்றும் வரவில்லை. அவன் விட்டுப்போனது ஒரு பழைய ரஷ்ய வண்டி, பச்சை நிறம். தையல் கூடத்திலிருந்து வெட்டிய துணியை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் தைக்கிற பெண்களிடம் கொடுத்து, தைத்ததை வாங்கி வருவது அவள் வேலை. அந்த வண்டி இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இல்லை. இதையெல்லாம் நான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. மாடிப்படியில் நின்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்டேன்.

எங்கள் தெரு ஏணியைச் சாய்த்து வைத்ததுபோல இருக்கும். இந்தத் தெருவில் யாரும் ஹேண்ட் பிரேக்கைத் தொடமாட்டார்கள். வண்டியை முதல் கியரில் போட்டு, சக்கரத்தை நடைபாதைப் பக்கம் திருப்பி, டிக்கியில் இருக்கும் கல்லை எடுத்து டயருக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விடுவோம். ஒவ்வொரு வண்டிக்கும் சொந்தக் கல் உண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் குளிர்காலத்தில் கேபிளுக்குள் போன தண்ணீர் உறைந்து, காலையில் சக்கரம் அசையாது. அதனால் குளிர்காலத்தில் இழுப்பதில்லை. குளிர்காலத்தில் இழுத்துப் பழக்கமில்லாததால் கோடையிலும் இழுப்பதில்லை. எங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் கம்பி என் புருஷன் மின்கோ தொப்பி மாட்டுவதற்குப் பயன்பட்டது. வருடா வருடம் வண்டியைச் சோதித்து முத்திரை குத்துபவரும் எங்களைப்போல மலைச்சரிவுத் தெருக்காரர்தான். அவர் வண்டிக்கும் கல்தான்.

தெமெனுகா மட்டும் இழுத்தாள். சமவெளியில் ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, நிறுத்தியவுடன் இரண்டு கையாலும் கறகறவென்று கடைசிப் பல்வரைக்கும் இழுப்பாள். சரிவைக் கண்டு அவளுக்குப் பயம். தெருவே அவளிடம் சொல்லிப் பார்த்தது. சிரித்துவிட்டு மறுபடியும் இழுத்தாள்.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, பின்சக்கரம் ஒன்று உருளாமல் தேய்ந்துகொண்டே போக, முக்குத் திரும்புவதற்குள் கருகிய வாசனையோடு புகை வந்தது. மின்கோ பால் வாங்கப் போயிருந்தான். பாலை நடைபாதையில் வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டான். வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தான். சட்டையெல்லாம் எண்ணெய். பால் வரவில்லை.

"பால் எங்க?"

"அங்கயே வச்சுட்டேன் போலிருக்கு. பாவம் அந்தப் பொண்ணு, பிரேக் புடிச்சுக்கிச்சு. சரி பண்ணிக் குடுத்தேன்."

மின்கோவுக்குத் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. வீட்டில் ஆணி அடித்தால் ஆணி ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். சைக்கிள் ஆலை மூடும்வரை பதினொரு வருடம் பிரேக் கேபிள் பூட்டும் வரிசையில் நின்றவள் நான். எங்கள் வீட்டில் குழாய், பூட்டு, சலவை மெஷின் எல்லாவற்றுக்கும் நான்தான். அவன் கையில் ஸ்பேனரைப் பார்த்தாலே எனக்குப் பதறும், பிடுங்கி நானே செய்துவிடுவேன். அப்படிப்பட்டவன் ஒருத்தியின் வண்டியைச் சரி பண்ணிக் கொடுத்தானாம்.

அடுத்த சனிக்கிழமை பிரேக் போட்டும் வண்டி நிற்கவே இல்லையாம். மின்கோ போனான். அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடியும் பிடித்துக்கொண்டதாம். மின்கோ போனான். பிறகு காரணம் கேட்பதை நான் விட்டுவிட்டேன், அவனும் சொல்வதை விட்டுவிட்டான். சனிக்கிழமை பத்து மணி ஆனால் கருவிப் பெட்டி பால்கனியிலிருந்து இறங்கிவிடும். பத்தரைக்கு அடியில் படுப்பான். பதினொன்றரைக்கு அவள் காபி கொண்டுவருவாள். பன்னிரண்டுக்குத் தக்காளியும் வெள்ளரியும் நறுக்கி, மேலே பாலாடைக்கட்டி துருவி, ஒரு சின்னக் கோப்பை ரக்கியாச் சாராயத்தோடு வரும். ஒன்றரைக்கு முகத்தில் கரியும் சிரிப்புமாக என் புருஷன் மாடி ஏறுவான். என் கையால் சாப்பிடப் பசி இருக்காது.

அவள் அவனை "மின்கோ அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள், வாய் நிறைய. அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இருபத்தெட்டு வருடம் முன்னால் நானும் அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

எனக்குப் பயமாகவே இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது. மகள் தலைநகர் சோபியாவில் குடித்தனம் நடத்துகிறாள், ஆலை போய்விட்டது, இந்த வயதில் எனக்கென்று இருப்பது அந்த ஓர் ஆள்தான். அவனும் படிப்படியாகக் கீழ்த் தளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் மாடி வேலாவுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

"நெட்கா, உன் புருஷன அடையாளம் கண்டுபிடிக்க நானு பூட்ஸத்தான் பாக்குறேன். மத்ததெல்லாம் அவ வண்டிக்கு அடியிலயே இருக்கு."

"உதவி பண்றாரு. உனக்கென்ன?"

"எனக்கொண்ணும் இல்லம்மா. எங்கிட்டயும் ஒரு வண்டி இருந்திருந்தா அதுக்கு அடியிலயும் யாராச்சும் படுக்கட்டும்னு விட்டிருப்பேன். எத்தன தடவதான் ஒரு பிரேக்க சரி பண்ணுவாரு?"

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆலையில் ஒரு கேபிள் ஒரு தரம் சரியாகப் பூட்டினால் சைக்கிள் மண்ணோடு மண்ணாகிறவரை பேசாது. ஒரு ஹேண்ட் பிரேக்குக்கு இத்தனை மாதமா? வேண்டுமென்றே அரைகுறையாக விட்டு வருகிறான் என்று முடிவு கட்டினேன். அல்லது அவள் வேண்டுமென்றே கெடுக்கிறாள். இரண்டில் எது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், எரிந்த வயிற்றோடு அவனுக்குச் சூப் ஊற்றுவேன்.

ஒருநாள் கேட்டேன். "அந்த வண்டிய நானு வந்து பாக்கட்டுமா?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "எதுக்கு? அது என் வேல."

இருபத்தெட்டு வருடத்தில் அவன் என்னிடம் எதையும் தன் வேலை என்று சொன்னதில்லை.

ஏப்ரலில் குருத்து ஞாயிறு வந்தது. பூவின் பெயர் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அன்று பெயர் நாள். தெமெனுகா என்பதும் ஒரு ஊதாப் பூவின் பெயர்தான். பெயர் நாளுக்கு யாரையும் அழைக்கமாட்டார்கள், கதவு திறந்திருக்கும், வருகிறவர் வரலாம். எதிரியின் வீட்டுக்குள் தலை நிமிர்ந்து நுழைய வருடத்தில் அந்த ஒரு நாள்தான் கிடைக்கும். நான் நல்ல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, மின்கோவுக்கு முன்னால் படியிறங்கினேன்.

வாசலில் வில்லோக் கிளை கட்டியிருந்தாள். மேஜையில் வறுத்த மீன், ஊறுகாய், ரொட்டி. வேலா முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். நான் உட்கார்ந்தபடியே கண்ணால் வீட்டைத் துழாவினேன். அலமாரியில், நான்காவது தட்டில், என் லூத்தெனிட்சா மிளகாய் விழுது பாட்டில் இருந்தது. மூடியில் என் கையெழுத்தில் வருடம். செப்டம்பரில் மூன்று நாள் மிளகாய் சுட்டு, தோலுரித்து, கை எரிய எரிய நான் கிண்டியது. அதைத் திறந்து பாதி சாப்பிட்டிருந்தாள்.

தெமெனுகா எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கோப்பையைத் தூக்கினாள்.

"எல்லாரும் வந்ததுக்கு சந்தோஷம். மின்கோ அண்ணனுக்குத்தான் மொதல்ல. இந்தக் குளிர்ல அவரு இல்லன்னா நானு என்ன ஆயிருப்பேனோ. தங்கக் கை அவருக்கு."

"தங்கக் கையா?" என்றாள் வேலா, என்னைப் பார்த்துக்கொண்டே. "நெட்கா, வீட்ல இவ்ளோ தங்கம் வச்சுக்கிட்டு எங்ககிட்ட சொல்லவே இல்லையே நீ."

எல்லோரும் சிரித்தார்கள். மின்கோ சிரிக்கவில்லை. அவன் காது சிவந்து, கழுத்து நிமிர்ந்து, கல்யாணப் படத்தில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தை நான் எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று நினைவில்லை. அதை வரவழைத்தது நான் இல்லை. மீனை நான் தொடக்கூட இல்லை.

அன்றே தீர்மானித்துவிட்டேன். அந்தப் பிரேக்கை நான் சரி செய்வேன். இனி ஜென்மத்துக்கும் அது பிடிக்காது, வழுக்காது, எந்தச் சனிக்கிழமையும் யாரையும் கூப்பிடாது.

புதன்கிழமை மின்கோ மீட்டர் பார்க்கப் போனதும், அதே ரகமான எங்கள் வண்டியின் ரஷ்யக் கையேட்டையும் கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கீழே போய்க் கதவைத் தட்டினேன்.

"சாவி குடு."

அவள் என்னையும் பெட்டியையும் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. சாவியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அதை மட்டும் நம்பாமல் கட்டை அடுக்கினேன். அடியில் புகுந்து பார்த்ததும் இத்தனை மாதத்துக் கதையும் புரிந்துவிட்டது. நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் கேபிள் பிரிகிற இடத்தில் ஒரு நட்டு இருக்கிறது. அதன் மூலைகளெல்லாம் மழுங்கிப்போய்ப் பளபளவென்று இருந்தது. மற்ற எதிலும் கை பட்ட அடையாளமே இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டால் அந்த நட்டைத் தளர்த்தியிருக்கிறான். பிடிக்காவிட்டால் இறுக்கியிருக்கிறான். தளர்த்துவதும் இறுக்குவதுமாக ஒரு குளிர்காலம். கெட்ட எண்ணம் எதுவும் அங்கே இல்லை. வாழ்நாளில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தே அறியாத ஒருவன் ஹேண்ட் பிரேக்கைச் சரி செய்துகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

நட்டை முழுக்கத் தளர்த்திவிட்டுச் சக்கரங்களைக் கழற்றினேன். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிரேக் டிரம் துருவேறி வரமாட்டேன் என்றது. அதிலேயே இருக்கும் இரண்டு மரை ஓட்டையில் போல்ட்டை விட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் தானாகத் தள்ளிக்கொண்டு வரும் என்று புத்தகம் சொன்னது, வந்தது. உள்ளே பிரேக் ஷூவைத் தள்ளுகிற சின்ன நெம்புகோல் துருவில் இறுகி, போன இடத்திலேயே நின்றிருந்தது. கேபிளோ அதன் உறைக்குள் சிமெண்டு போட்டதுபோல இருந்தது. உருவியெடுத்து டீசலில் ஊறப்போட்டேன்.

ஊறுகிறவரை இரண்டு பேரும் நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம்.  அவள்தான் முதலில் பேசினாள்.

"அக்கா, அவருக்கு இந்த வேல தெரியாதுன்னு எனக்கு டிசம்பர்லயே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கூப்புட்ட?"

"நானு கூப்புடல. அவரே வருவாரு. வேணாம்னு சொல்ல மனசு வரல." அவள் கந்தலால் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஒரு ஆம்பள வந்து வண்டிக்கு அடியில படுத்தா தெருவுல எனக்கும் ஒரு மரியாத. வீட்டு வாசல்ல பேச்சுக் குரல் கேக்குது. வேற ஒண்ணும் இல்லக்கா."

"வேற ஒண்ணும் இல்லயா?"

உடனே பதில் வரவில்லை. மூச்சு ஒன்று விடுகிற நேரம்தான். அந்த நேரத்தை நான் இன்றைக்கும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

"இருந்தா உங்களுக்கு நானு வெளக்கு புடிச்சுக்கிட்டு இருப்பேனா?"

"அவரு என்னதான் பேசுவாரு இங்க?"

"உங்களப் பத்தித்தான். நெட்காவுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல, அவ கை வச்சா எதுவும் ஓடும்னு. ஒருநா கேட்டேன், அப்ப அக்காவையே கூட்டிட்டு வாங்களேன்னு. சிரிச்சாரு. 'வந்தா ஸ்பேனர என் கையிலேருந்து புடுங்கிடுவா'ன்னாரு. 'இங்கதான் யாரும் புடுங்கறதில்ல'ன்னாரு."

அவள் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். கோபம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை, அதற்குப் பதில் பொறாமைதான் இன்னும் கொஞ்சம் வந்தது. என் புருஷனைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வேலையை நான் பாதியில் விடவில்லை. அப்படி விடுகிற ஆள் நான் இல்லை. நெம்புகோலைத் தேய்த்து எண்ணெய் விட்டேன், கேபிளுக்குக் கிரீஸ் ஏற்றி உறைக்குள் விட்டேன், டிரம்மை மாட்டினேன். அவளை உட்காரவைத்துக் கால் பிரேக்கைப் பத்துத் தடவை அழுத்தச் சொன்னேன், ஷூ தன் இடத்தில் உட்காரட்டும் என்று. அதன்பிறகுதான் நடு நட்டைத் தொட்டேன், கம்பி நாலாவது பல்லுக்கு வரும்போது இரண்டு சக்கரமும் ஒன்றாக இறுகும்வரை. கம்பியை இறக்கியதும் இரண்டும் கையால் தள்ளத் தள்ளச் சுற்றின. பார்க்க அழகாக இருந்தது.

"அவருகிட்ட என்ன சொல்ல?" என்றாள் தெமெனுகா.

"நடந்தத சொல்லு."

அவள் வியாழக்கிழமை மாடிப்படியில் வைத்துச் சொல்லிவிட்டாள். அன்று மாலை மின்கோ வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் திறக்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவன் ரொட்டியை நனைத்து நனைத்துத் தின்றுவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டான். நாளை அவன் என்ன செய்வான் என்பது மட்டும்தான் எனக்குள் ஓடியது. பிரேக் சரியாகிவிட்டது, இனி அவன் போனால் அது பிரேக்குக்காக இல்லை.

வெள்ளிக்கிழமை இருட்டுவதற்கு முன் குப்பை கொட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கள் வண்டிக்குப் போனேன். கம்பியிலிருந்து தொப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசிவரை இழுத்தேன். ஒன்பது வருடம் அசையாத கேபிள் முனகிக்கொண்டு வந்தது. கம்பியை இறக்கினேன். கம்பி இறங்கியது, சக்கரம் விடவில்லை. இனி நாலு பேர் தள்ளினாலும் நகராது என்று தெரிந்துகொண்டு மாடி ஏறினேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மின்கோ முகம் மழித்தான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டான். பால்கனிப் பக்கம் போகவில்லை. கருவிப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. வெறுங்கையோடு கதவுக்குப் போனான். அந்த வெறுங்கையைப் பார்த்ததும் நான் பின்னாலேயே போனேன்.

"எங்க?"

"கீழ."

"நம்ம வண்டி நகரல."

"என்னது?"

"ஹேண்ட் பிரேக் புடிச்சுக்கிச்சு."

அவன் திரும்பினான். "நம்ம வண்டியிலயா? அத யாரு இழுத்தா?"

"நானுதான்."

"நீயா? ஏன்?"

எத்தனையோ பொய் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை.

"நீ அங்க போகக் கூடாதுன்னு. எனக்குத் தாங்கல மின்கோ. அவ உனக்கு காபி குடுக்கறது தாங்கல, தங்கக் கைன்னு சொல்றது தாங்கல, அவகிட்ட நீ சிரிக்கறது தாங்கல."

அவன் கதவைப் பிடித்தபடியே கேட்டான். "நீதான் அத அர மணி நேரத்துல சரி பண்ணிடுவியே. நானு எதுக்கு?"

"நானு தொடமாட்டேன்."

கதவில் இருந்த கையை அவன் எடுக்கவில்லை. கீழே தெமெனுகா யாரிடமோ பேசுகிற சத்தம் படி வழியாக மேலே வந்தது. அவனும் கேட்டான், நானும் கேட்டேன். பிறகு அவன் சலவைச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பழைய சட்டையைத் தேடிக்கொண்டு பால்கனிக்குப் போனான்.

நாங்கள் தெருவுக்கு இறங்கியதும் வேலா மேலே ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டாள். மின்கோ வண்டிக்கு அடியில் புகுந்து மல்லாந்தான். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன். அவன் நேராக நடு நட்டுக்குப் போனான். அது அந்த நட்டு இல்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. ஸ்பேனர் வழுக்கியது, அவன் விரல் முட்டித் தோல் பெயர்ந்தது. என் கை தானாக நீண்டது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இந்த நட்டுதானே?" என்றான் அடியிலிருந்து.

"நீயே பாரு. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

மத்தியானம்வரை அவன் அந்தத் தப்பான நட்டையே திருகிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.